மென்படல நுண்சூடேற்றியும் வெப்பநிலை உணரியும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாதங்களில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இந்த விசயத்தைப் பற்றியவை. பொறியியல் படிப்பவர்கள், பௌதிகவியல் படிப்பவர்கள், இடைக்கிடை உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதிவைக்கிறேன். மென்படலம், அதாவது கண்ணாடி போன்ற தகட்டின் மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு, பூசும் வேலையில் பல வருடம் கைபழகியவன் நான். இதில் உள்ளவற்றில் பாதி படித்தது, பாதி பட்டது.

நுண்சூடேற்றி என்றால் என்ன? அதை எங்கே பார்க்கலாம்?

ஒரு மில்லிமீற்றர் அளவான இடத்தை மட்டும் சூடாக்கும் உலோகக் கோடு. கோட்டின் தடிப்பு வழக்கமாக 100 நனோமீற்றர் அளவில் இருக்கும். தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ எழுநூறில் ஒரு பங்கு. அகலம் சில மைக்ரோமீற்றரிலிருந்து நூறு வரை போகும்.

பார்க்க வெகுதூரம் போகத் தேவையில்லை. கடையில் சாமான் வாங்கியதும் கிழித்துத் தருகிறார்களே, அந்தப் பில்லில் மை கிடையாது. கடதாசியில் சூடு பட்டால் கறுக்கும் பூச்சு இருக்கிறது. இயந்திரத்தின் தலையில் மில்லிமீற்றருக்கு 8 என்ற கணக்கில் சின்னச் சூடேற்றிகள் வரிசையாக நிற்கின்றன. எந்தப் புள்ளி கறுக்க வேண்டுமோ அந்தச் சூடேற்றி மட்டும் ஒரு கணம் சுட்டு ஆறும். பில்லை நகத்தால் வேகமாகக் கீறிப் பாருங்கள், உராய்வுச் சூட்டிலேயே கோடு விழும். வீட்டில் உள்ள மைப்பீச்சு அச்சுப்பொறிகளில் ஒரு வகையும் இப்படித்தான் வேலை செய்கிறது. சூடேற்றி மைக்ரோசெக்கன் கணக்கில் மையைக் கொதிக்கவைக்க, எழும் குமிழி ஒரு துளியை வெளியே தள்ளுகிறது. இவை தவிர வாயு உணரி, காற்றோட்டமானி, டீ.என்.ஏ.யைப் பெருக்கும் பி.சி.ஆர். சில்லு என்று பட்டியல் நீளும்.

சூடாக்கும் கோடே வெப்பநிலையையும் அளக்குமா?

அளக்கும். உலோகம் சூடாகும்போது அதன் தடை கூடுகிறது என்பது உயர்தரப் பாடத்தில் படித்ததுதான். வெப்பநிலை ஒரு பாகை கூடத் தடை எவ்வளவு பங்கு கூடுகிறது என்பதே தடையின் வெப்பநிலைக் குணகம். பிளாற்றினக் கம்பியை வெப்பமானியாக்கலாம் என்று வில்லியம் சீமென்ஸ் 1871 இல் சொன்னார். அவர் செய்த கருவிகள் பாவிக்கப் பாவிக்கப் பிசகின. தூய கம்பியை இழுவிசை படாமல் சுற்றி, அழுக்குப் படாமல் வைத்தால் நம்பலாம் என்று 1887 இல் ஹியூ கலண்டர் காட்டிய பிறகுதான் அது தராதரக் கருவியானது. இன்று கடையில் வாங்கும் பிளாற்றின உணரி 0 பாகையில் 100 ஓம், 100 பாகையில் 138.5 ஓம்.

ஆனால் சூடேற்றும் கோட்டையே உணரியாகவும் வைத்தால் அது தன் சூட்டின் சராசரியைத்தான் சொல்லும். மேலே வைத்த மாதிரியின் சூட்டைச் சொல்லாது. இடம் இருந்தால் சூடேற்றிக்கு நடுவில் உணரிக்கென்று இன்னொரு மெல்லிய கோடு விடுங்கள். கோட்டின் வடிவத்தைத் தரும் முகமூடி ஒன்றே, பூச்சும் ஒன்றே, மேலதிகச் செலவு இல்லை.

எந்த உலோகத்தில் செய்வது?

காசும் கருவியும் இருந்தால் பிளாற்றினம். உருகுநிலை 1768 பாகை, காற்றில் ஒட்சியேறாது, தடை ஏறக்குறைய நேர்கோடாக மாறும். ஆனால் தங்ஸ்தன் ஓடத்தில் வைத்துச் சூடாக்கி ஆவியாக்கும் சாதாரண இயந்திரத்தில் பிளாற்றினம் பூச முடியாது. அது உருகி ஆவியாகும் சூட்டில் ஓடத்தோடு கலந்து ஓடத்தையே தின்றுவிடும். இலத்திரன் கற்றை வேண்டும், அல்லது ஆகன் அயன்களால் உலோகத்தை மோதி அணுக்களைத் தெறிக்கவைக்கும் ஸ்பட்டரிங் வேண்டும்.

நிக்கல் மலிவு, குணகமும் பெரிது, பாகைக்கு 0.006 அளவு. உணரிக்கு நல்லது. ஆனால் 358 பாகையில் நிக்கல் தன் காந்தத்தன்மையை இழக்கும் இடத்தில் தடை வளைகோடு மடங்குகிறது, அதோடு சூட்டில் ஒட்சியேறும். 200 பாகைக்குள் நிற்கும் வேலைக்கு மட்டும் எடுங்கள். நிக்குரோமை எல்லோரும் கேட்கிறார்கள், அடுப்புச் சுருளில் அதுதானே இருக்கிறது என்று. அதன் தடை சூட்டோடு மாறுவதே இல்லை என்று சொல்லலாம். சூடேற்றிக்கு அது நல்ல குணம், உணரிக்கு அதுவே கெட்ட குணம்.

இனித் தங்கம். தங்கம் பூசலாம், குணகமும் 0.0034 அளவில் பரவாயில்லை. நகைக்கடைகள் உள்ள கன்னாதிட்டியில் வாங்கலாமா என்பதுதான் அடுத்த கேள்வி. வாங்கலாம், ஆனால் நகைத் தங்கம் வேண்டாம். 22 கரட்டில் உள்ள வெள்ளியும் செம்பும் தங்கத்துக்கு முன்னே ஆவியாகிப் போய் ஒட்டும். படலம் அடுக்கடுக்காகக் கலப்பாகிவிடும். 24 கரட் என்று கேட்டு வாங்குங்கள். எவ்வளவு வேண்டும் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் தகடு முழுவதும் 100 நனோமீற்றர் தடிப்பில் பூச நாலு மில்லிகிராமுக்கும் குறைவான தங்கம் போதும். ஆனால் ஓடத்திலிருந்து ஆவி அரைக்கோளமாக விரிகிறது. தகடு 15 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தால் அந்தத் தடிப்பை எட்ட மொத்தம் 0.27 கிராம் ஆவியாக வேண்டும். பவுணில் முப்பதில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் பூச்சு நடக்கும் வெற்றிடக் கூடான கண்ணாடி மணியின் உட்சுவரில். இந்தக் கணக்கை நான் சொன்னதும் ஒரு நகைக்கடை முதலாளி என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். மணிக்குள் அலுமினியத் தாள் சுற்றிவைத்துப் பிறகு சுரண்டி எடுங்கள்.

புத்தகத்தில் பிளாற்றினத்தின் குணகம் 0.0039. எனக்கு 0.0026 வருகிறது. எங்கே பிழை விட்டேன்?

பிழை விடவில்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

புத்தக எண் கட்டி உலோகத்துக்கு உரியது. உங்களிடம் இருப்பது படலம். உலோகத்தில் இலத்திரன் எதிலும் மோதாமல் போகும் தூரம் அறைவெப்பநிலையில் சில பத்து நனோமீற்றர். தங்கத்தில் 38 அளவு. படலத்தின் தடிப்பும் அதற்குள் இருக்கும் பளிங்கு மணிகளின் பருமனும் இந்த அளவுக்குக் கிட்ட வந்துவிட்டால், இலத்திரன் மேற்பரப்பிலும் மணி எல்லையிலும் முட்டிமுட்டித்தான் போக வேண்டும். தடைத்திறன் கூடுகிறது. மேற்பரப்பு மோதலுக்குக் கணிதம் போட்டவர் கிளவுஸ் ஃபுக்ஸ், 1938 இல். ஆம், அணுகுண்டு இரகசியத்தைச் சோவியத்துக்குக் கொடுத்ததற்காக 1950 இல் சிறை போன அதே ஃபுக்ஸ்தான்.

இப்போது கவனியுங்கள். இந்த மேலதிக மோதல்களுக்கு வெப்பநிலையோடு சம்பந்தமில்லை. சூடானாலும் குளிர்ந்தாலும் அவை ஒரே அளவு. ஒரு பாகைக்குத் தடைத்திறன் எவ்வளவு கூடுகிறது என்பது கட்டியிலும் படலத்திலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அதை வகுக்கும் அடித்தளம் படலத்தில் பெரிது. கட்டிப் பிளாற்றினத்தின் தடைத்திறன் ஒரு கோடியில் 1.06 ஓம்-மீற்றர் என்ற கணக்கு. உங்கள் படலம் 1.6 ஆக வந்திருந்தால் குணகம் 0.0039 ஐ 1.06 ஆல் பெருக்கி 1.6 ஆல் வகுத்தது, அதாவது 0.0026. உங்களுக்கு வந்தது அதேதான். தடைத்திறனையும் குணகத்தையும் பெருக்கிப் பாருங்கள், கட்டிக்கும் உங்கள் படலத்துக்கும் விடை கிட்டக்கிட்ட இருந்தால் உங்கள் அளவீடு ஒழுங்கு.

புத்தக எண்ணையே வைத்து வெப்பநிலை கணக்கிட்டால் என்ன ஆகும்? கோடு 100 பாகை ஏறியிருக்கும், தடை 26 வீதம் கூடியிருக்கும். நீங்கள் 0.0039 ஆல் வகுப்பீர்கள், 67 பாகை ஏறியதாக விடை வரும். சூடு போதாது என்று நினைத்து இன்னும் ஏற்றுவீர்கள். கோடு எரிந்த பிறகு எனக்குத் தொலைபேசி எடுப்பீர்கள்.

கோட்டின் நீளம், அகலம் எப்படிக் கணக்கிடுவது?

தரைக்கு மாபிள் பதிப்பது போல நினையுங்கள். தடைத்திறனைத் தடிப்பால் வகுத்தால் ஒரு சதுரத்தின் தடை வரும். மேலே சொன்ன படலம் 100 நனோமீற்றர் தடிப்பில் சதுரத்துக்கு 1.6 ஓம். சதுரம் பெரிதோ சிறிதோ தடை அதேதான். முதலில் நம்பக் கடினமாக இருக்கும், ஒருதரம் எழுதிப் பாருங்கள். 40 மைக்ரோமீற்றர் அகலமும் 4 மில்லிமீற்றர் நீளமும் உள்ள கோட்டில் 100 சதுரம், ஆகவே 160 ஓம். பாம்பு போல மடக்கினால் ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்கும். மடங்கும் மூலைச் சதுரத்தில் மின்னோட்டம் உட்புறமாக ஒதுங்கிப் போவதால் அதை 0.56 சதுரமாக எண்ணுங்கள். மூலையை வட்டமாக்கினால் இன்னும் நல்லது, கூரான உள்மூலைதான் முதலில் சுடும்.

தொடுப்புத் தட்டுகளையும் அவற்றுக்குப் போகும் பாதையையும் நன்றாக அகலமாக விடுங்கள். பாதை மெல்லிசாக இருந்தால் சூட்டில் பாதியை அதுவே எடுத்துக்கொள்ளும்.

எத்தனை வாற்று வேண்டும்?

அது உலோகத்தைப் பொறுத்ததல்ல, கீழே இருக்கும் தகட்டைப் பொறுத்தது. தடித்த தகட்டின் மேல் ஒரு வட்டச் சூடேற்றி இருந்தால், ஒரு வாற்றுக்கு எத்தனை பாகை ஏறும் என்பதற்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு: வெப்பக் கடத்தாறையும் வட்டத்தின் ஆரையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். கண்ணாடியின் கடத்தாறு 1.1, ஆரை அரை மில்லிமீற்றர் என்றால் வாற்றுக்கு 450 பாகை அளவு. 100 பாகை ஏற்ற 0.22 வாற்று போதும். முன்னே கணக்கிட்ட 160 ஓம் கோடு அந்தச் சூட்டில் 200 ஓம் ஆகிவிடும், ஆகவே 6.7 வோல்ற்று. யூ.எஸ்.பி. தரும் 5 வோல்ற்றில் 60 பாகை அளவு ஏறும்.

அதே சூடேற்றியைச் சிலிக்கன் தகட்டின் மேல் போடுங்கள். சிலிக்கனின் கடத்தாறு 148. இப்போது 100 பாகைக்கு 30 வாற்று கேட்கும். மணலில் ஊற்றிய தண்ணீர் மாதிரிச் சூடு போய்விடும். சிலிக்கன் என்றால் நவீனம் என்று நினைத்து அதை வாங்கிவிட்டு, ஏன் சுடவில்லை என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர்.

அப்படியென்றால் தொழிற்சாலைகள் ஏன் சிலிக்கனில் செய்கின்றன?

சூடேற்றிக்குக் கீழே உள்ள சிலிக்கனை அரித்து எடுத்துவிடுகிறார்கள். ஒரு மைக்ரோமீற்றர் அளவான சிலிக்கன் நைத்திரைட்டு, ஒட்சைட்டுத் தோல் மட்டும் மேளத்தோல் போல மிஞ்சும். சூடேற்றி அதன் நடுவில் மிதக்கும். சூடு போக வழி அந்த மெல்லிய தோலும் சுற்றியுள்ள காற்றும்தான். சில பத்து மில்லிவாற்றில் 300 பாகைக்கு மேல் போய், மில்லிசெக்கன் கணக்கில் ஏறி இறங்கும். நீங்கள் ஆடுயீனோ என்ற சிறு மின்னணுப் பலகையோடு வாங்கும் எம்.கியூ.-2 வாயு உணரியில் 33 ஓம் சுருள் ஒன்று 5 வோல்ற்றில் முக்கால் வாற்று தின்றுகொண்டே இருக்கிறது. தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் விரலுக்கே விளங்கும்.

சுத்த அறை இல்லாமல் யாழ்ப்பாணத்தில் இதைச் செய்யலாமா?

செய்யலாம், எவ்வளவு மெல்லிய கோடு வேண்டும் என்பதில்தான் விசயம்.

முதல்முறை செய்பவர் மென்படலத்தையே தொட வேண்டாம் என்பது என் கருத்து. அச்சுச்சுற்றுப் பலகையின் செம்பில் தொடங்குங்கள். வழக்கமான செம்பு 35 மைக்ரோமீற்றர் தடிப்பு, சதுரத்துக்கு அரை மில்லி ஓம். 0.2 மில்லிமீற்றர் அகலத்தில் 2 மீற்றர் நீளத்தை மடக்கிவிட்டால் 10,000 சதுரம், 5 ஓம். 5 வோல்ற்றில் 5 வாற்று. செம்பின் குணகமும் பாகைக்கு 0.0039 தான், செம்பு தடிப்பாக இருப்பதால் இங்கே புத்தக எண் பொய் சொல்லாது. அளவீடு, கட்டுப்பாடு, அளவுதிருத்தம் எல்லாவற்றையும் இதில் பழகிக்கொள்ளலாம். எரிந்தால் போகட்டும்.

அடுத்த படி, துளைமுகமூடி. 0.1 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத உருக்குத் தகட்டில் லேசரால் வெட்டிய வடிவத்தைக் கண்ணாடியோடு இறுக்கிவைத்து மேலே உலோகம் பூசுவது. 100 மைக்ரோமீற்றருக்குக் கீழே போகாது. ஆனால் இரசாயனம் எதுவும் வேண்டாம்.

மூன்றாவது, போட்டோறெசிஸ்ட் என்ற ஒளியுணர் பூச்சு. முகமூடிக்கு வெளிநாட்டில் குரோமியம் கண்ணாடி எழுதி எடுக்கக் காசு போதாது. யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு வழி இருக்கிறது: அச்சகம். இங்கே பத்திரிகையும் புத்தகமும் அச்சடித்த அனுபவம் தலைமுறைகளாக உள்ளது. ஓஃப்செட் தட்டுக்குப் பிலிம் எடுக்கும் இயந்திரம் அங்குலத்துக்கு 2400 புள்ளி போடும், ஒரு புள்ளி 10 மைக்ரோமீற்றருக்குச் சற்று மேல். 50 மைக்ரோமீற்றர் கோடு நேராக வரும், அதற்குக் கீழே விளிம்பு பல்லுப்பல்லாகத் தெரியும். இப்போது பெரும்பாலான அச்சகங்கள் கணினியிலிருந்து நேரே தட்டுக்குப் போய்விட்டன, பிலிம் இயந்திரத்தைக் கண்டால் விடாதீர்கள்.

பூச்சைப் போட்டு, ஊதாக்கடந்த ஒளி காட்டிக் கழுவி, மேலே உலோகம் பூசி, அசற்றோனில் ஊறவிட்டால் வேண்டாத உலோகம் பூச்சோடு கழன்றுவிடும். இதை லிஃப்ட் ஓஃப் என்பார்கள். ஸ்பட்டரிங் செய்தால் உலோகம் சுவர்ப்பக்கத்திலும் ஒட்டி, கழலும்போது விளிம்பில் வேலி போல நிற்கும். ஆவியாக்கலில் அந்தத் தொல்லை குறைவு.

எங்கள் ஊரின் எதிரி ஈரப்பதன். வெளிநாட்டு ஆய்கூடங்கள் 40, 50 வீதத்தில் வைத்திருக்கின்றன. இங்கே காலையில் 80 ஐத் தாண்டும். கண்ணாடியில் நீர்ப்படலம் இருந்தால் பூச்சு ஒட்டாது, கழுவும்போது கோடு பிய்ந்து மிதக்கும். பூசுவதற்கு முன் 150 பாகையில் அரை மணித்தியாலம் கண்ணாடியைச் சுட்டு, ஆறியதும் உடனே பூசுங்கள். மாரி காலத்தில் அறைக்குள் குளிரூட்டி ஓடாமல் தொடங்கவே வேண்டாம்.

படலம் உரிந்து வருகிறது. ஏன்?

தங்கமும் பிளாற்றினமும் கண்ணாடியோடு உறவு கொண்டாடாத உலோகங்கள், ஒட்சைட்டு உண்டாக்காதவை. நடுவில் தரகர் வேண்டும். குரோமியம் அல்லது தைத்தேனியம் 5 தொடக்கம் 20 நனோமீற்றர் முதலில் பூசி, வெற்றிடத்தைத் திறக்காமலே மேலே மற்றதைப் பூசுங்கள். இடையில் திறந்தால் தரகர் ஒட்சியேறி விலகிவிடுவார். 500 பாகைக்கு மேல் வேலை என்றால் தைத்தேனியம் பிளாற்றினத்துக்குள் ஊறி ஏறும், அப்போது தந்தாலம் நல்லது.

தரகர் இருந்தும் உரிந்தால் கண்ணாடி அழுக்கு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆறு தகடுகளைச் சவர்க்காரத்தால் வடிவாகக் கழுவி, கிணற்றுத் தண்ணீரில் அலசி, காயவைத்துப் பூசினேன். நாலு நாளில் ஆறும் உரிந்தன, அதுவும் வட்டவட்டமாக. வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. எங்கள் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் ஊறிய தண்ணீர். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது ஒவ்வொரு துளி காய்ந்த இடத்திலும் வளையமாகப் படிந்திருந்தது. கடைசி அலசல் எப்போதும் வடித்த நீரில். பூசி முடிந்ததும் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி ஒரே இழுப்பில் இழுங்கள். நாடாவில் மினுக்கம் வந்தால் அந்தத் தகட்டில் மேற்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

பூசிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால்?

முதலில் பூச்சு நடக்கும் வெற்றிட அறையையும் பம்பியையும் இணைக்கும் வால்வை மூடுங்கள். பம்பி நின்றதும் அறையில் உள்ள வெற்றிடம் பம்பி எண்ணெயைத் திருப்பி உறிஞ்சும். 2022 மார்ச்சுக் கடைசியில் நாடு முழுக்க 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், நேரசூசியை நம்பிப் பம்பியை ஓட்டிவிட்டு நான் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அறையின் அடியில் எண்ணெய் குளமாக நின்றது. துடைத்து, கழுவி, சுட்டு எடுக்க ஒரு கிழமை. மின்சாரம் போனதும் தானாக மூடும் வால்வு ஒன்றை அதன் பிறகுதான் போட்டோம்.

பூசிய உடனே பாவிக்கலாமா?

கூடாது. புதுப் படலத்தின் தடை சூடு காணக் காண மாறும். பாவிக்கப்போகும் உச்ச வெப்பநிலையை விட ஒரு 50 பாகை கூடிய சூட்டில் சில மணித்தியாலம் ஊறவிடுங்கள். பளிங்கு மணிகள் வளர்ந்து, குறைகள் ஆறி, தடை இறங்கி ஓரிடத்தில் நிற்கும், குணகமும் கொஞ்சம் கூடும். அளவுதிருத்தம் இதற்குப் பிறகு.

அளவுதிருத்தம் எப்படிச் செய்வது?

0 பாகைக்கு ஐஸ். மீன் பெட்டிக்குப் போடும் ஐஸை வாங்காதீர்கள். உப்புப் பட்டிருந்தால் உருகுநிலை பூச்சியத்துக்குக் கீழே போய்விடும், எவ்வளவு போனது என்று உங்களுக்குத் தெரியாது. வடித்த நீரைக் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்து, நொறுக்கி, இடைவெளி நிரம்பும் அளவுக்கு அதே குளிர்நீரை விட்டால் போதும். சில்லைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே இறக்குங்கள். 100 பாகைக்குக் கொதிநீர். நாங்கள் கடல்மட்டத்தில் இருப்பதால் நுவரெலியாக்காரருக்கு உள்ள பிரச்சினை எங்களுக்கு இல்லை. அதற்கு மேலேயும் இடையிலும் எண்ணெய்த் தொட்டி. சிலிக்கோன் எண்ணெய் கிடைக்காவிட்டால் 120 பாகை வரை தேங்காய் எண்ணெய் சமாளிக்கும், ஆய்கூடம் பலகாரக்கடை மாதிரி மணக்கும் அவ்வளவுதான். கலக்கிக்கொண்டே இருங்கள். நம்பகமான வெப்பமானி ஒன்று சில்லுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஏறும்போது ஐந்து புள்ளி, இறங்கும்போது அதே ஐந்து புள்ளி. இரண்டும் ஒரே கோட்டில் விழாவிட்டால் இன்னும் ஊறவிட வேண்டும்.

தடையை நாலு கம்பியால் அளங்கள், இரண்டு மின்னோட்டத்துக்கு, இரண்டு வோல்ற்றளவுக்கு. இரண்டு கம்பி மல்டிமீற்றரில் தொடுப்பின் தடையும் சேர்ந்துவிடும். அளக்கும் மின்னோட்டம் ஒரு மில்லி அம்பியருக்குள் இருக்கட்டும், கூடினால் அளப்பதே சூடாக்கும்.

வெப்பக் கமராவால் பார்த்தால் போதாதா?

பளபளக்கும் உலோகம் தன் சூட்டை வெளிவிடாது, எதிரே உள்ளதைக் கண்ணாடி போலக் காட்டும். 150 பாகையில் உள்ள தங்கக் கோடு கமராவில் 40 என்று தெரியும், சிலவேளை உங்கள் முகமே தெரியும். மேலே மெல்லிசாகக் கறுப்பு மட் தீந்தை அடித்தால் நம்பலாம். அது முடியாதபோது நான் தேன்மெழுகு துகள் ஒன்றை ஊசிமுனையால் வைத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பேன். 62 தொடக்கம் 64 பாகையில் துகள் சட்டென்று கண்ணாடியாகிப் படரும். நத்தலீன் 80, பென்சோயிக் அமிலம் 122. மூன்று புள்ளி கிடைத்துவிட்டது.

கோடு நடுவில் எரிந்து அறுந்துவிட்டது.

தடை கூடக்கூட மாறா மின்னோட்டத்தில் வலுவும் கூடும், அது மேலும் சூடாக்கும், கட்டுமீறும். மாறா வோல்ற்றளவில் தடை கூடினால் வலு குறையும், தானாக அடங்கும். ஆகவே ஆரம்பத்தில் வோல்ற்றளவைக் கட்டுப்படுத்துங்கள். ஆனாலும் கோட்டில் ஓரிடம் ஒடுங்கியிருந்தால் அந்த இடத்துக்கு அது மாறா மின்னோட்டம்தான், அங்கே அறும். தூசு விழுந்து ஓரம் கடிபட்ட கோடுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து முதலே கழித்துவிடுங்கள்.

மின்னோட்ட அடர்த்தியையும் பாருங்கள். சதுரசென்ரிமீற்றருக்கு 10 இலட்சம் அம்பியர் என்ற அளவுக்குப் போனால் இலத்திரன் வெள்ளம் உலோக அணுக்களையே தள்ளிக்கொண்டு போகத் தொடங்கும். அலுமினியத்துக்கு இது சாவு, பிளாற்றினம் கொஞ்சம் தாங்கும். பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் நாம் கணக்கிட்ட கோட்டில் 33 மில்லி அம்பியர் ஓடினாலே 8 இலட்சத்தைத் தாண்டுகிறது.

கம்பியை எப்படித் தொடுப்பது? ஈயம் பற்றவைக்கலாமா?

தங்கப் படலத்தில் வேண்டாம், உருகிய வெள்ளீயம் தங்கத்தை நொடியில் கரைத்துவிடும். வெள்ளிப் பசை, அல்லது வில்லுள்ள ஊசித் தொடுப்பு.

படலத்தை அரிக்க ஐதரோபுளோரிக் அமிலம் எங்கே வாங்கலாம்?

சொல்லமாட்டேன். தோலில் பட்டால் வலி பிந்தித்தான் தெரியும், அதற்குள் எலும்பு வரை போயிருக்கும். பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை. நிக்கலையும் செம்பையும் பெரிக் குளோரைட்டே அரிக்கும், தங்கத்தைப் பொற்றாசியம் அயடைட்டில் கரைத்த அயடீன் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் அப்போதும் வேண்டும்.

இதையெல்லாம் படித்து இங்கே எதற்குப் பயன்படுத்துவது?

எனக்குப் பிடித்த வேலை மண் ஈரம். ஒரு சூடேற்றிக்கு எட்டுச் செக்கன் சூடு கொடுத்து நிறுத்திவிட்டு, அது எவ்வளவு வேகமாக ஆறுகிறது என்று பார்ப்பது. காய்ந்த மண் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும், ஈரமண் இழுத்துக்கொண்டு போய்விடும். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் வைப்பவர்கள் இன்றும் கையால் மண்ணைப் பிடித்துப் பார்த்துத்தான் இறைக்கிறார்கள், அந்தக் கையோடு போட்டிபோடுவது சுலபமில்லை. என் முதல் உணரி மூன்று நாள் ஒழுங்காகச் சொல்லிவிட்டு நாலாம் நாள், இறைத்த மறுநாளே, மண் காய்ந்துவிட்டது என்றது. தோண்டிப் பார்த்தால் மண் ஈரம். செம்மண் சுருங்கி உணரிக்கும் மண்ணுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விட்டிருந்தது, அதில் காற்று. காற்றின் வெப்பக் கடத்தாறு 0.026, மண்ணோடு ஒப்பிட்டால் கம்பளி. இப்போது உணரியைத் துளையில் இறக்குவதற்கு முன் அதே தோட்டத்து மண்ணைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்துத் துளைக்குள் ஊற்றிவிடுகிறேன். இரண்டு இறைப்பு முடியும் வரை வரும் எண்களை எழுதிக்கொள்வதில்லை.